ஜீப் கையசைப்பு, அப்புறம் வாத்து: புதிதாக ராங்ளர் எடுத்தவருக்கு முழுமையான வழிகாட்டி

ராங்ளர் ஜீப் ஓட்டுபவர்கள் எதிரே இன்னொரு ராங்ளரைக் கண்டால் கை காட்டுவார்கள். நிறுத்தியிருக்கும் ஜீப்பில் ஒரு சின்ன வாத்தை வைத்துவிட்டும் போவார்கள். புதிதாக ராங்ளர் எடுத்தவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு பை நிறைய இறப்பர் வாத்து வாங்கி வந்துவிடுகிறார்கள். நான் பார்த்த குழப்பங்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. வாத்து கடைசிப் படி. எதிரே வருவது எந்த வண்டி, கையை எப்போது தூக்குவது, காட்டுப் பாதையில் அதே கைக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் பழகிய பிறகு செய்ய வேண்டியது.

நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து சனி, ஞாயிறுகளில் வடக்கே போய் வரும் ஆள். கீழே உள்ளது ஒன்ராறியோ வீதிகளில் பழகியது. அமெரிக்காவிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

1. உங்கள் வண்டி இந்த வட்டத்துக்குள் வருகிறதா?

ஜீப் என்ற பெயர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. கையசைக்கும் வழக்கம் ராங்ளர் வம்சத்துக்கு உரியது, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு சுருக்கப் பெயர் உண்டு: 1986 வரை வந்த சீஜே, அதன்பின் வைஜே, டீஜே, ஜேகே, 2018 முதல் ஜேஎல், 2020 மாடலாக வந்த கிளாடியேற்றர் பிக்கப். பழைய பெட்டி வடிவச் செரோக்கி வைத்திருப்பவர்கள் தங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். நான் அவர்களுக்கும் கை எடுப்பேன், சிலர் எடுப்பதில்லை.

ஜீப்பின் மற்ற மாடல்களான கிராண்ட் செரோக்கி, கொம்பஸ், ரெனகேட் ஓட்டுநர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதையே அறியாதவர்கள். நீங்கள் கை காட்டினால் அவர்கள் வேறு எதையாவது நினைப்பார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வண்டி எடுத்த முதல் வாரம், முகப்பில் ஜீப்பின் அடையாளமான ஏழு நெடுக்குப் பிளவு தெரிந்த எல்லாவற்றுக்கும் கை காட்டிக்கொண்டு போனேன். ஒரு கொம்பஸில் வந்த அம்மா பதறிப்போய் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தி, இறங்கி நான்கு ரயரையும் சுற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும் என் பின்கண்ணாடியில் பார்த்தேன். தன் வண்டியில் ஏதோ பழுது என்றுதான் நான் சைகை காட்டினேன் என்று நினைத்திருக்கிறார்.

அதே சமயம், கொம்பஸ்காரர் முதலில் கை எடுத்தால் நீங்களும் எடுங்கள். கையெடுத்தவருக்கு வண்டியின் மாடல் பார்த்துப் பதில் சொல்லத் தேவையில்லை.

2. தூரத்திலேயே அடையாளம் காணப் பழகுங்கள்

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். கை தூக்காமல் எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாலும் சரி. அடையாளம் காணத் தாமதமானால் அடுத்த படிகள் எதுவும் சரியாக வராது.

ஏழு பிளவை நம்பாதீர்கள். அது எல்லா ஜீப்பிலும் உண்டு, தூரத்தில் எண்ணவும் முடியாது. முதலில் கண்ணில் படுவது மட்காட். ராங்ளரில் அது உடம்போடு ஒட்டாமல், இரண்டு பக்கமும் காது மாதிரி விலகி நிற்கும். அடுத்து, ஏறக்குறைய நேராக நிமிர்ந்து நிற்கும் முன்கண்ணாடி. மூன்றாவது வட்ட விளக்கு. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: 1995 வரை வந்த வைஜேக்குச் சதுர விளக்கு. வட்ட விளக்கை மட்டும் பார்த்துப் பழகியவர் ஒரு நல்ல பழைய வண்டியைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்.

ஃபோர்ட் பிரொங்கோவுக்கும் வட்ட விளக்குத்தான், கதவும் கழற்றலாம், மேற்கூரையும் கழற்றலாம். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான். அதன் முகப்பில் ஒரு விளக்கில் இருந்து மறு விளக்கு வரை குறுக்கே பெயர் எழுதியிருக்கும். தவறிக் கை காட்டிவிட்டால் குடி முழுகாது, பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

நிறுத்தி வைத்த வண்டியை வெளியே தெரியும் கதவுக் கீல்களை வைத்து அறியலாம். வாத்து வைக்கும்போது இந்த அடையாளம் உதவும்.

3. எந்தக் கை, எத்தனை விரல்

இடது கை. இங்கே வலதுபக்கம் ஓட்டுகிறோம், எதிர் வண்டி நம் இடப்பக்கமாகக் கடக்கிறது, ஓட்டுநர் இருப்பதும் இடப்பக்கம். ஆகவே இடது கைதான் அவர் கண்ணில் படும். ‘இடது கையால் வணக்கமா?’ என்று முதல் நாள் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. வலது கையை ஸ்டியரிங்குக்குக் குறுக்கே நீட்டிப் பார்த்தேன். அது உங்கள் முகத்தையே மறைக்கும், வண்டியும் ஒரு பக்கம் இழுக்கும். கூச்சத்தை விட்டுவிடுங்கள்.

உள்ளங்கையை ஸ்டியரிங்கின் மேல்பாதியில் வைத்து, அதை எடுக்காமலேயே நான்கு விரலையும் நிமிர்த்துங்கள். சிலர் இரண்டு விரல் மட்டும் தூக்குவார்கள். இரண்டும் சரியே. கை ஸ்டியரிங்கை விட்டு வரக்கூடாது என்பதுதான் முக்கியம். பெரிய ரயரும் உயர்த்திய சஸ்பென்ஷனும் உள்ள ராங்ளர், குழி விழுந்த வீதியில் திடீரென்று ஒரு பக்கம் ஓடும். அந்த நேரத்தில் கை காற்றில் இருக்கக் கூடாது. கியர் மாற்றும் வண்டி என்றால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வலது கை கியரில் இருக்கும்.

ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து ஓட்டுபவர்கள் விரலைத் தூக்கினால் டாஷ்போர்டுக்கு மேலே எதுவும் தெரியாது. பதில் வரவில்லை என்று குறைப்படுபவர்களில் சிலரின் கதை இதுதான். ஒரு நாள் யாரையாவது வண்டிக்கு முன்னே நிற்க வைத்து, உங்கள் கை தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கோடையில் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் கையைக் கீழே பக்கவாட்டில் நீட்டுவார்கள். பார்க்க அழகுதான். குறைந்த வேகத்தில் மட்டும் செய்யுங்கள்.

4. எத்தனை மீற்றரில் தூக்குவது

80 கிலோமீற்றர் வேக வீதியில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், இடைவெளி மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் சுருங்குகிறது. நொடிக்கு ஏறக்குறைய 44 மீற்றர். 100 மீற்றரில்தான் அது ராங்ளர் என்று தெரிகிறது என்றால் உங்களிடம் இருப்பது இரண்டே கால் நொடி. நீங்கள் கை தூக்கி, அவர் பார்த்து, அவரும் தூக்க அது போதாது. கடந்த பிறகுதான் அவர் கை எழும். நீங்கள் அதைப் பார்க்கவே மாட்டீர்கள்.

ஆகவே 200 மீற்றரில் கண்டுபிடித்து, 150இல் விரலை நிமிர்த்தி, கடக்கும் வரை அப்படியே வைத்திருங்கள். ஆட்ட வேண்டாம். 

வரிசையாக எட்டு, பத்து ஜீப் வந்தால் ஒவ்வொன்றுக்கும் தூக்கி இறக்க வேண்டாம். ஒருமுறை தூக்கி, கடைசி வண்டி போகும் வரை வைத்திருந்தால் போதும்.

5. எங்கே செய்யக் கூடாது

401 மாதிரி நடுவே தடுப்புச் சுவர் உள்ள நெடுஞ்சாலையில் விட்டுவிடுங்கள். எதிர்ப்பக்கத்தைத் தேடினால் உங்கள் முன்னால் போகும் லொறியைக் கவனிக்க மாட்டீர்கள். இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் சந்தியிலும் வேண்டாம். அங்கே கை எடுத்தால் எதிரே வருபவர் ‘நீ போ’ என்று வழிவிடுவதாக எடுத்துக்கொள்வார். இதை ஒரு தம்பி செய்து, எதிர் வண்டி அவருக்கு முன்னால் திரும்பி, இரண்டும் அடிபடாமல் தப்பியது அரை அடியில்.

இரவில் வேண்டாம், கை தெரியாது. தெரியவில்லையே என்று உயர் விளக்கை அடிக்காதீர்கள். முன்னால் பொலிஸ் நிற்கிறது, வீதியில் மான் நிற்கிறது, உன் விளக்கு எரியவில்லை என்றுதான் இங்கே அதற்கு அர்த்தம். மூன்றில் எது என்று அவர் தேடிக்கொண்டு போவார். ஹோர்ன் அடிப்பதும் அதே கதைதான்.

6. யார் முதலில்?

புது வண்டிக்காரர் பழைய வண்டிக்காரருக்கு முதலில் எடுக்க வேண்டும் என்பது பேச்சு வழக்கு. கூரை இல்லாதது, சேறு பூசியது, சீஜே என்று தகுதி வரிசையே போடுவார்கள், பாதி பகிடியாக. 150 மீற்றரில் இந்தக் கணக்கெல்லாம் போட நேரமில்லை. தெரிந்தவுடன் தூக்குங்கள்.

7. காட்டுப் பாதையில் கை என்பது கணக்கு

வீதியில் பழகிய கையை அப்படியே பாதைக்குள் கொண்டுபோகிறார்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், இங்கே தவறினால் வண்டியில் அடிபடும்.

ஒடுங்கிய பாதையில் எதிரே ஒரு குழு வந்தால், முன்னால் வருபவர் விரல்களைக் காட்டுவார். தனக்குப் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்ற கணக்கு அது. மூன்று விரல் என்றால் இன்னும் மூன்று. அடுத்த வண்டி இரண்டு காட்டும், அதற்கடுத்தது ஒன்று. கடைசி வண்டி மூடிய கையைக் காட்டும்: எனக்குப் பின்னால் யாரும் இல்லை, நீ போகலாம்.

இப்போது வீதி வழக்கத்தில் நான்கு விரலையும் நிமிர்த்திக் காட்டினால் என்ன ஆகும்? எதிரே இருப்பவர் பின்னால் நான்கு வண்டி வருகிறது என்று மரத்தடியில் ஒதுங்கி நிற்பார். தனியே வந்த நீங்கள் போய்விடுவீர்கள். அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: பின்னால் இரண்டு பேர் வருகிறார்கள், நீங்கள் உங்களை அறியாமல் கையை மூடிக் காட்டிவிட்டீர்கள். அவர் வளைவில் நுழைய, உங்கள் இரண்டாவது வண்டி எதிரே வரும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான். புறப்படும் முன்பே குழுவில் எத்தனை வண்டி, நீங்கள் எத்தனையாவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். எதிர் வண்டியைக் கண்டதும் முதலில் வேகத்தைக் குறையுங்கள். ஏறி வருபவருக்கு வழி விடுங்கள், ஏனென்றால் ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டி மறுபடி பிடிப்பு எடுத்துக் கிளம்புவது கஷ்டம், பின்னால் இறங்குவது அதைவிட ஆபத்து. இறங்குபவருக்கு நிற்பது சுலபம். ஆனாலும் அவருக்குப் பின்னால் ஒதுங்க இடம் இல்லை, உங்களுக்கு இருக்கிறது என்றால், ஏறுபவராக இருந்தாலும் நீங்கள் ஒதுங்குவதுதான் புத்தி.

அப்புறம்தான் விரல். ஜன்னல் வழியே, அவர் உங்களைப் பார்க்கும் வரை காட்டுங்கள். அவர் தலையசைத்தாரா என்று பாருங்கள்.

வணக்கம் எங்கே என்று கேட்டால், அது வாயால். பக்கத்தில் வந்ததும் ஜன்னலை இறக்கி நில்லுங்கள். அரை நிமிடம் போதும். அவர் வந்த பாதை உங்களுக்கு முன்னால் இருக்கிறது: ஓடையில் தண்ணீர் எவ்வளவு, மரம் விழுந்து கிடக்கிறதா, திரும்ப இடம் எங்கே. அதேபோல அவர் போகப்போவது நீங்கள் வந்த பாதை. இந்த அரை நிமிடத்தைத் தவறவிட்டு, நான்கு மணிநேரம் சேற்றில் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். நான்தான் போய் இழுத்தேன்.

8. வாத்து வாங்குவது

வாத்து வைக்கும் பழக்கம் 2020இல் இங்கே ஒன்ராறியோவில்தான் தொடங்கியது. வழியில் நிறுத்தியிருக்கும் ஜீப்பில் ஒரு சின்ன வாத்தை வைத்துவிட்டுப் போவது, அவ்வளவுதான்.

ஐந்து சென்றிமீற்றர் அளவு போதும். பெரியது கதவுப் பிடியில் நிற்காது. கீழே விசில் துளை இல்லாததாகப் பாருங்கள். குளிக்கும்போது விளையாடும் வாத்துகளில் துளை இருக்கும், மழைத் தண்ணீர் உள்ளே போய்ப் பூஞ்சை பிடிக்கும், மார்கழியில் உறைந்து வெடிக்கும். நிறம் மஞ்சள்தான் நல்லது. வெள்ளை வாத்து வாங்கி வந்த ஒருவருக்குப் பனிக்காலம் முழுக்க யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

கழுத்தில் கட்ட ஒரு சின்ன அட்டை. அதில் ஒரு வரி வாழ்த்து, முதல் பெயர், ஊர், திகதி. குமிழ்முனைப் பேனாவால் எழுதுங்கள், ஜெல் பேனா மை மழையில் கரைந்து வண்டியில் வழியும். தொலைபேசி எண் எழுத வேண்டாம். யாருடைய வண்டி என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு பெண் தனியே வந்து வண்டியில் முன்பின் தெரியாத ஆணின் எண்ணைக் கண்டால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் ஆங்கிலத்தோடு ‘நல்ல வண்டி’ என்று தமிழிலும் எழுதுவேன். சில மாதம் கழித்து, மார்க்கம் நகரப் பக்கம் ஒரு கடையில் இருந்து வெளியே வந்தால் என் கதவுப் பிடியில் ஒரு வாத்து, கோணல் எழுத்தில்: ‘அண்ணை, ரயரில் காத்துக் குறைவு.’ பார்த்தால் உண்மைதான். பின் வலது.

9. வைப்பது

ஓட்டுநர் பக்கக் கதவுப் பிடி. பிடிக்கும் கதவுக்கும் இடையே வாத்து உட்கார இடம் இருக்கும், அட்டைக் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் காற்றுக்கும் விழாது. வண்டி எடுக்கும் முன் அவர் கட்டாயம் பார்க்கும் இடம் அதுதான்.

பொனற்றின் மேல் வைக்காதீர்கள், சறுக்கி வைப்பர் அடியில் போய்ச் சிக்கும். உதிரி ரயரில் வைத்தால் அவர் பார்க்காமலே போய்விடுவார், வாத்து நெடுஞ்சாலையில் விழும். முகப்புப் பிளவுக்குள் செருகாதீர்கள். புகைக்குழாயில் வைத்தால் சூட்டில் உருகும்.

கூரையும் கதவும் இல்லாமல் நிற்கும் ஜீப்பைக் கண்டால் உள்ளே டாஷ்போர்டில் வைக்கத் தோன்றும். வசாகா பீச் ஏரிக்கரைத் தரிப்பிடத்தில் என்னோடு வந்த பொடியன் அப்படித்தான் பாதி உடம்பை உள்ளே விட்டான். வண்டிக்காரர் ஐஸ்கிரீமோடு ஓடி வந்தார். வாத்தைக் காட்டியதும் சிரித்தார் என்றாலும், ஓடி வரும்போது அவர் முகம் சிரித்த முகம் இல்லை. கதவில்லாவிட்டாலும் அது ஒருவருடைய உள்ளறை. வெளியே, பக்கக் கண்ணாடியின் மேலே வையுங்கள். கதவோடு கண்ணாடியும் போயிருந்தால் காலடிப் படியில்.

பகல் வெளிச்சத்தில் போங்கள், பத்து நொடியில் விலகுங்கள். ஒளிந்திருந்து அவர் முகத்தைப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். ஆள் உள்ளே இருந்தால் கையிலேயே கொடுத்துவிடலாம். பிள்ளைகளை வைக்க விட்டால் கையைப் பிடித்தே கூட்டிப் போங்கள், ராங்ளரின் பின்னால் நிற்கும் சின்னப் பிள்ளை உதிரி ரயருக்குக் கீழே தெரியாது.

காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் வைக்காதீர்கள். அங்கே விழுவது ஓடைக்குப் போகும், அதை யாரும் பொறுக்கப் போவதில்லை.

10. உங்களுக்கு வாத்து வந்தால்

எடுத்து வைத்துக்கொள்ளலாம், அட்டையை அவிழ்த்து வேறு ஒரு ஜீப்பில் வைக்கவும் செய்யலாம். இரண்டும் வழக்கம்தான். தந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டாம்.

டாஷ்போர்டில் அடுக்குவது பலருக்கு ஆசை. ராங்ளரின் முன்கண்ணாடி உயரம் குறைந்தது, ஏற்கெனவே பார்வை கொஞ்சம்தான். ஒன்ராறியோ வீதிச் சட்டமும் முன்கண்ணாடிப் பார்வையை மறைக்க விடாது. பயணி பக்கத்தில் ஒரே வரிசை, அதுவும் கண்ணாடி ஓரமாக. எயார்பாக் மூடியின் மேல் எதுவும் இருக்கக் கூடாது, அது வெடித்து விரியும்போது வாத்து கல் மாதிரி முகத்தில் வரும்.

பசை போட்டு ஒட்டாதீர்கள். கோடை வெயிலில் மலிவான வாத்தின் பிளாஸ்டிக் இளகி டாஷ்போர்டில் மஞ்சள் வட்டம் விடும். எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது, என் வண்டியில் மூன்று இருக்கிறது. அடியில் வழுக்காத விரிப்பு ஒன்றைப் போடுங்கள்.

காட்டுப் பாதைக்குள் நுழையும் முன் பிடிப்புக்காக ரயர்க் காற்றை இறக்குவோம் அல்லவா, அதே இடத்தில் வாத்துகளையும் இறக்கிப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஒன்று உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போனால் போதும்.

11. பதில் வராவிட்டால்

வராது, பல தடவை. கண்ணில் வெயில், வாடகை வண்டி, நேற்றுத்தான் எடுத்தவர், பின்னால் பிள்ளைகள் சண்டை. பின்கண்ணாடியில் திரும்பிப் பார்த்து யார் என்று தேடாதீர்கள், வீதி முன்னால் இருக்கிறது.

நாமும் தவறவிடுகிறோம். போன புரட்டாதியில் 28ஆம் நெடுஞ்சாலையால் பான்கிராஃப்ட் போய் வந்தபோது என் மனைவி பக்கத்தில் இருந்து எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். எனக்கு எடுத்த கைகளில் மூன்றை நான் கவனிக்கவே இல்லையாம். அதில் ஒன்று சீஜே.